தாளவாடி மேட்டில் எத்தனை பேர்?

சத்தியமங்கலம் பேருந்து நிலையத்தில் தாளவாடி வண்டி நிற்கும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு உண்டு. "அதுங்களா, அது கன்னடத்துக்காரங்க ஊருங்க. கர்நாடகாவுல சேர வேண்டியது. என்னமோ நம்ம ஜில்லாவுல ஒட்டிக்கிட்டுக் கெடக்குது." சொல்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கோபியிலும் அந்தியூரிலும் பவானியிலும் இருந்து பார்த்தால் அந்த மேடு அப்படித்தான் தெரிகிறது. நானும் வாய்க்கால் பாசனத்து ஊர்க்காரன்தான். சின்ன வயதில் இருந்து வடக்கே அந்த மலைச் சுவரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். சுவருக்கு அந்தப் பக்கம் ஊர்கள் இருக்கின்றன என்பது தெரியும். அங்கிருந்து பார்த்தால் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று யோசித்ததில்லை. ஆனால் அந்த 'ஒட்டிக்கிட்டு' என்பது மட்டும் சில ஆண்டுகளாக எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு ஊர் எதில் ஒட்டியிருக்கிறது என்பதை யார், எந்தத் திசையில் நின்றுகொண்டு முடிவு செய்கிறார்கள்?

பண்ணாரியைத் தாண்டி திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால், மலை ஏறிவிட்டோம், இனி இறங்க வேண்டும் என்றுதான் மனம் எதிர்பார்க்கும். ஆனால் இறக்கம் வராது. ஆசனூர்க் காடு வரும். அதையும் கடந்தால் மரங்கள் விலகி, கண்ணுக்கெட்டிய தூரம் உழுத நிலமாக விரியும். ராகி, மக்காச்சோளம், முட்டைக்கோஸ், பூண்டு, உருளைக்கிழங்கு, தண்ணீர் உள்ள இடத்தில் கரும்பு, வாழை. தெற்கிலிருந்து போகிறவனுக்கு மலை உச்சி என்று தோன்றும் இது, உண்மையில் மைசூர் பீடபூமியின் தெற்கு விளிம்பு. வடக்கே சாமராஜநகரில் இருந்து வருகிறவருக்கு மலையே கிடையாது. வயல் வழியாக நேராக வந்து சேர்ந்துவிடலாம், தூரமும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான். மாவட்டத் தலைநகரான ஈரோட்டுக்குப் போவதென்றால் காடு, கொண்டை ஊசி வளைவு, சமவெளி எல்லாவற்றையும் தாண்டி 100 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

மேட்டின் சாய்வு

நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். வடக்கே சாய்த்து வைத்த முறம் போன்றது தாளவாடி மேடு. தென்மேற்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கை நோக்கியும் தெற்கே பண்ணாரியை நோக்கியும் செங்குத்தாக விழுகிறது. வடக்கே மட்டும் மெல்ல மெல்லத் தாழ்கிறது. ஆகவே ஊர்களில் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஓடைகளாக வடக்கே ஓடி, சாமராஜநகர் பக்கத்துச் சிக்கஹொளே, சுவர்ணாவதி நீர்களோடு சேர்கிறது. சுவர்ணாவதி கொள்ளேகால் பக்கம் காவிரியில் கலக்கிறது. விளிம்பின் தெற்கே விழுந்த மழையோ மோயாற்றிலும் பவானியிலும் சேர்ந்து பவானிசாகர் வழியாக வருகிறது. வடக்கே போன தண்ணீர் ஒகேனக்கல், மேட்டூர் என்று பெரிய வட்டம் அடித்து வந்து, பவானி கூடுதுறையில் தெற்கே இறங்கிய தண்ணீரைச் சந்திக்கிறது. ஒரே மேட்டில், சில மைல் இடைவெளியில் விழுந்த இரண்டு மழை, இரண்டு மாநிலங்களைச் சுற்றி ஒரே துறைக்கு வருகின்றன. தாளவாடியைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் இதைவிட அழகான செய்தி இல்லை. பள்ளிக்கூடத்தில் இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதில் இன்றும் வருத்தம் உண்டு.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, அதுவரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துக்குப் போனது. தாளவாடி போகவில்லை. 1979இல் ஈரோடு மாவட்டம் பிரிந்தபோது அதோடு வந்தது. கோடு எங்கே விழுந்தது என்பதைப் பற்றி இங்கே வழக்காட எனக்கு விருப்பமில்லை. அந்த மக்களும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதில்லை. கோட்டுக்கு இருபுறமும் ஒரே வீட்டுப் பேச்சு, ஒரே மாரம்மா, ஒரே பசவண்ணன். வெளியுலகம் குழம்பும்போதுதான் கோடு நினைவுக்கு வருகிறது. தீபாவளி முடிந்த கையோடு கும்டாபுரத்தில் பீரேஸ்வரர் கோயிலை ஒட்டி ஊர்க்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாணி எறிந்து கொண்டாடும் கொரேஹப்பாவின் படங்கள் ஆண்டுதோறும் உலகப் பத்திரிகைகளில் வருகின்றன. ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதில் செய்திக்குச் செய்தி தடுமாற்றம். 2000 ஜூலை 30 அன்று தொட்டகாஜனூரில் இருந்து நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திப் போனபோதும் இதே கதைதான். கன்னடத் திரையுலகின் மிகப் பெரிய நட்சத்திரத்தின் பூர்வீக ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. 108 நாள் கழித்து அவர் விடுதலையானார். ஊர் மறுபடி வரைபடத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது.

ஓரம் என்பது சும்மா ஒரு சொல் இல்லை. அன்றாட வாழ்க்கையில் அதற்கு விலை உண்டு. 2013இல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 1,400 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தக் காடு இந்த ஊர்களுக்கும் மாவட்டத்தின் மற்ற பகுதிகளுக்கும் நடுவில் கிடக்கிறது. காடு வேண்டும். புலியும் யானையும் வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் காட்டை ஒட்டி வயல் வைத்திருப்பவர் இரவெல்லாம் பரணில் உட்கார்ந்து விழித்திருக்கிறார் என்பதும் கணக்கில் வர வேண்டும். 'கருப்பன்' என்று பெயர் வைக்கப்பட்ட ஒற்றை யானை இரண்டு விவசாயிகளைக் கொன்று, ஊர் ஊராகப் பயிரை அழித்து, பல முயற்சிகளுக்குப் பிறகு 2023இல்தான் பிடிபட்டது. 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தபோது, மேட்டில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். பிறகு தளர்வுகள் கிடைத்தன. தங்கள் மாவட்டத்துக்குப் போகிற ஒரே பெரிய சாலை சாயங்காலம் ஆனதும் மூடப்படும் என்றால் எப்படி இருக்கும் என்று கீழே இருக்கும் நாம் ஒரு முறையாவது நினைத்துப் பார்க்கலாம். ராத்திரியில் நெஞ்சு வலித்தால் சாமராஜநகருக்குத்தான் வண்டி போகும். அந்தப் பக்கம் சாலை தட்டை.

ஒரு வரியில் ஒரு ஊர்

கும்டாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். என் நண்பரின் அம்மா பிறந்த ஊர் அது. ஒரு கோயில் தெரு, அதை வெட்டிப் போகும் இன்னொரு தெரு, சற்றுத் தள்ளி ஒரு காலனி. தாழ்ந்த ஓட்டு வீடுகள், நீளத் திண்ணைகள், எரவாணத்தில் காயும் பூண்டுச் சரங்கள். ஊர் முடியும் இடத்தில் சோலார் வேலி. அதற்கு அப்பால் யானை வராமல் இருக்க வெட்டிய அகழி, மண் சரிந்து பாதி தூர்ந்து கிடக்கும். அறுவடைக் காலத்தில் முட்டைக்கோஸ் மூட்டைகள் ஏற்றும் மினி லாரிகள் தெருவை அடைத்து நிற்கும். அவற்றில் பாதிக்கு வடக்குப் பதிவெண்.

அந்த ஊரைப் பற்றி அரசாங்கம் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று தேடினேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்ப் பட்டியலில் ஒரு வரி கிடைக்கும்: வீடுகள், மொத்தம், ஆண், பெண், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், பிறகு வேலை செய்வோர் கணக்கு. வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை கிடைத்தவர் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைந்தால் குறுந்தொழிலாளர். அதுவும்கூட இந்தச் சிற்றூருக்கென்று தனியாகக் கிடையாது. நம் பக்கத்து வருவாய் கிராமம் ஒன்றுக்குள் பல குடியிருப்புகள் அடங்கும். எல்லைக்கல் நட்டு அளந்த கிராமத்துக்குத்தான் பட்டியலில் ஒரு வரி உண்டு, உள்ளே இருக்கும் சிற்றூர்களும் காட்டுக்குள் இருக்கும் ஊராளி, சோளகர் பழங்குடிக் குடியிருப்புகளும் அந்தக் கூட்டலில் கரைந்துவிடும். இன்னொன்றும் கவனித்தேன். ஊர் வாரியான அந்தப் பட்டியலில் தாய்மொழி இல்லை. கணக்கெடுப்பில் கேட்கிறார்கள், ஆனால் ஊர் அளவில் வெளியிடுவதில்லை, வட்ட அளவில்தான். 2011இல் தாளவாடி தனி வட்டம் இல்லை. 2016இல்தான் ஆனது. அதனால் அந்த மேட்டின் கன்னடம் முழுவதும் சத்தியமங்கலம் வட்டத்தின் தமிழோடு ஒரே கூட்டலில் கிடக்கிறது. பேருந்து நிலையத்தில் 'கன்னடத்துக்காரங்க ஊரு' என்று எல்லோரும் சொல்கிற இடத்தில் எத்தனை பேர் கன்னடம் பேசுகிறார்கள் என்று அந்த வெளியீட்டில் இருந்து பிரித்து எடுக்க வழியில்லை.

இந்த வரியைத்தான் கைப்பேசியில் வைத்துக்கொண்டு நண்பரின் பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன். ஊரே அவரை அஜ்ஜி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. "ஊட்ட ஆய்தா?" என்று கேட்டு, ஆயிற்று என்று சொன்ன பிறகும் ராகிக் களியும் அவரைக்காய்ச் சாறும் வைத்தார். மூன்று மொழி கலந்த பேச்சு அவருடையது. பாதிக் கன்னடம், கால் தமிழ், மீதி கை ஜாடை. நான் மொத்த எண்ணைச் சொன்னேன். அவர் அதை ஆச்சரியமாகவோ சந்தேகமாகவோ வாங்கிக்கொள்ளவில்லை. யாரை எல்லாம் எண்ணினார்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு திண்ணையில் இருந்தபடியே தெருவின் முதல் வீட்டில் தொடங்கினார்.

முதல் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், தீபாவளிக்கு வருவான். இரண்டாவது பூட்டின வீடு. அவர்கள் மைசூருக்குப் போய் வருஷக்கணக்காகிறது, ஆனால் கோயில் வரி கட்டிவிடுகிறார்கள், அதனால் அது இந்த ஊர் வீடுதான். மூன்றாவது வீட்டு மருமகள் குண்டல்பேட்டைப் பக்கத்துப் பெண். இன்னும் அங்கே ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, இங்கே சேர்க்க அலைந்துகொண்டிருக்கிறாள். நான்காவது வீட்டில் மூன்று பெண்கள், மூவரையும் அந்தப் பக்கம்தான் கொடுத்தார்கள். பிரசவத்துக்கு இங்கே வருவார்கள், ஆகவே பேரப்பிள்ளைகள் பிறந்தது தமிழ்நாடு, வளர்வது கர்நாடகம். இப்படியே போனது. நான் கவனித்தது, அவர் ஒவ்வொருவரையும் திசையால்தான் அடையாளம் சொன்னார். 'கீழே போனவர்', 'அந்தப் பக்கம் போனவர்'. கீழே என்றால் திம்பம் இறங்கி எங்கள் ஊர்ப் பக்கம். அந்தப் பக்கம் என்றால் வடக்கு. கல்யாணமும் வைத்தியமும் சந்தையும் அந்தப் பக்கம். கூலியும் ஆபீசும் கீழே. ஊரில் இருப்பவர்கள் இவ்விரண்டுக்கும் நடுவில். மாடுகளையும் சேர்த்துச் சொன்னார், அதில் மட்டும் கவலை தெரிந்தது. மாடு குறைந்துகொண்டே போகிறது, கொரேஹப்பாவுக்குச் சாணிக்கு அடுத்த தலைமுறை என்ன செய்யும் என்றார்.

தெருவின் கடைசியில், காலனிக்குத் திரும்பும் முனையில், ஒரு வீட்டைச் சொன்னார். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். மழைக்காலத்தில் கூலிக்கு இங்கேயே வேலை கிடைக்கும். பொங்கல் முடிந்ததும் நான்கு பேரும் கரும்பு வெட்டக் கீழே போய்விடுவார்கள், யுகாதிக்குத் திரும்புவார்கள். போன முறை கணக்கெடுக்க டீச்சர் வந்தபோதும் அந்த வீட்டில் பூட்டுதான் தொங்கியது. "கீழ எங்க போறாங்க, அஜ்ஜி?" என்று சும்மாதான் கேட்டேன். அவர் சொன்ன ஊர், என் ஊருக்கு அடுத்த ஊர்.

பிப்ரவரி

எனக்கு அந்த இடத்தில் பேச்சு நின்றுபோனது. எங்கள் வாய்க்கால் கரையில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கரும்புத் தோட்டத்து ஓரம் தோகையால் வேய்ந்த குடிசைகள் முளைக்கும். இடுப்பு உயரக் குடிசை, குனிந்துதான் உள்ளே போக முடியும். வாசலில் மூன்று கல் அடுப்பு, பக்கத்தில் அரிவாள்கள், ஒரு குழந்தை தூளியில். வெளுக்கும் முன்பே வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். சோகை உரித்து, நுனி சீவி, கட்டுக் கட்டித் தலையில் சுமந்து லாரிக்கு ஏற்றுவார்கள். கூலி டன் கணக்கில், குடும்பத்துக்குச் சேர்த்து. அந்தக் குழந்தைகள் தங்களுக்குள் கன்னடத்தில் பேசிக்கொள்வதைச் சின்ன வயதில் இருந்து கேட்டிருக்கிறேன். மேஸ்திரி கூட்டிவந்த 'மலைக்காரங்க' என்பதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை.

2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. விதி தெளிவானது. அந்த இருபது நாளும் ஒருவர் வீட்டுக்கு வரவே இல்லை என்றால் அவர் அந்த வீட்டுக் கணக்கில் சேரமாட்டார். எங்கே தங்கியிருக்கிறாரோ அங்கே எண்ணப்பட வேண்டும். விதியில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒருவரை இரண்டு இடத்தில் எண்ணாமல் இருக்க இப்படித்தான் வைக்க முடியும். ஆனால் இந்த மேட்டுக்கு பிப்ரவரி என்பது எந்த மாதம்? மானாவாரி நிலம் காய்ந்து கிடக்கிற மாதம், கூலிக்காரர் ஊரில் இல்லாத மாதம். கீழே அதுவே வெட்டு உச்சத்தில் இருக்கும் மாதம். அப்படியானால் அஜ்ஜி தெருவின் கடைசி வீட்டு நான்கு பேரும், யாராவது அந்தத் தோகைக் குடிசையைத் தேடிப் போய் எழுதியிருந்தால், எங்கள் ஊர் மொத்தத்தில்தான் இருக்கிறார்கள். யாரும் போகவில்லை என்றால் எந்த ஊரிலும் இல்லை. நான் இத்தனை நாளாக அவர்களுடைய ஊரின் எண்ணை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அதில் குறைந்தவர்களைத் தேட வேண்டிய இடம் என் வீட்டில் இருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது.

அன்றிலிருந்து அந்த 'ஒட்டிக்கிட்டு' எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. எங்கள் கரும்பு ஆலைக்குப் போய்ச் சேர்வது அந்த மேட்டின் கைகளால். எங்கள் பவானியில் கலப்பது அந்த மேட்டின் விளிம்பில் விழுந்த மழை. மேட்டுப்பாளையம் மண்டி வழியாக எங்கள் வீட்டுக்கு வரும் முட்டைக்கோஸ் அந்த மேட்டில் விளைந்ததாக இருக்கலாம். யார் யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டால், சமவெளிதான் தாளவாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. கன்னடம் பேசுவதால் அவர்கள் பாதி அந்நியர் என்று நினைப்பவர்களிடம் இதை நான் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் பேச்சை மாற்றுகிறார்கள். மாற்றினாலும் விடுவதாக இல்லை.

அடுத்த கணக்கெடுப்பின் தலைக்கணக்கு 2027 பிப்ரவரியில். மார்ச் 1 நள்ளிரவுதான் கணக்குக்கான நேரம். 2021இல் நடந்திருக்க வேண்டியது, கொரோனாவில் தள்ளிப்போய் இப்போது வருகிறது. தாளவாடி தனி வட்டமான பிறகு வரும் முதல் கணக்கு இது. அந்த மேட்டில் எத்தனை பேர் கன்னடம், எத்தனை பேர் தமிழ், எத்தனை பேர் வேறு மொழி என்று இந்த முறை தனியாகத் தெரியவரும். கன்னடவழிப் பள்ளிகளுக்கு ஆசிரியர் வேண்டும் என்று கேட்பவர்களுக்கும், அலுவலகத்தில் கன்னடம் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் அந்த எண் கையில் ஓர் ஆதாரம். அதனால்தான் குடிசைக் கவலை எனக்குப் பெரிதாகிறது. பிப்ரவரியில் கீழே இருக்கும் குடும்பங்கள் கோபி வட்டத்திலோ பவானி வட்டத்திலோதான் எழுதப்படுவார்கள். அதில் மாற்றம் வராது. ஆனால் விடுபடாமல் எழுதப்பட வேண்டும். தாய்மொழிக் கட்டத்தில் அவர்கள் வாயால் சொல்வது எழுதப்பட வேண்டும். சிறு வயதில் தாய் தன்னிடம் பேசிய மொழி எது என்பதுதான் அங்கே கேள்வி. குடும்பத்தில் ஆளுக்கு ஆள் வேறாகவும் இருக்கலாம். எண்ணுகிறவர் 'தமிழ்நாடுதானே' என்று தானாகப் போட்டுவிடக் கூடாது.

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு டீச்சர், முன்பு கணக்கெடுப்புப் பணி செய்தவர், இந்த முறையும் பெயர் வரலாம் என்றார். அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். முதலில் வேலையோடு வேலையாகத்தான் கேட்டார். குடிசைகள் எந்தெந்தத் தோட்டத்தில் போடுவார்கள் என்று நான் சொல்லத் தொடங்கியதும் நோட்டை எடுத்தார். வாய்க்கால் மதகில் தொடங்கி ஒவ்வொரு தோட்டமாகச் சொன்னேன். பகலில் போனால் வெட்டுக்குப் போயிருப்பார்கள், குழந்தைதான் இருக்கும், பொழுது இறங்கின பிறகு போங்கள் என்றேன். "அவங்களுக்குத் தமிழ் புரியுங்களா?" என்று கேட்டார். நன்றாகப் புரியும், பேசவும் வரும் என்றேன். "அப்ப மேஸ்திரிகிட்ட கேக்காம அவங்ககிட்டயே கேட்டு எழுதிக்கறேனுங்க" என்றார்.